சலூனும் சலானும்

ஒரே தெருவின் ஒரு முனையில் ‘சலூன்’ என்றும் மறுமுனையில் ‘சலான்’ என்றும் பலகை தொங்கினால், உள்ளே எட்டிப் பாராமலேயே எந்தக் கடையில் பணம் கூடுதலாகும் என்று தமிழ்நாட்டில் யாரும் சொல்லிவிடுவார்கள். ஊகாரம் என்றால் இரண்டு சுழல்நாற்காலி, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, மூலையில் பாட்டு, பெஞ்சின்மேல் பக்கம் பக்கமாகப் பிரிந்து கிடக்கும் தினத்தந்தி. ஆகாரம் வந்துவிட்டால் குளிரூட்டிய கூடம், முன்பதிவு, நுழைந்ததும் கைபேசி எண் கேட்கும் மேசை. நடுவில் நிற்கும் ஓர் உயிரொலி மாறியதற்கே இத்தனை வேறுபாடு. அந்த இரண்டும் ஒரே சொல் என்பதும், இடைப்பட்ட ஒலி மாறிய கதைக்குள் பாரிசும் இத்தாலியும் நம் ஊர்க் களத்துமேடும் அடங்கிக் கிடக்கின்றன என்பதும் சொல்லை நேசிப்பவர்க்கு எத்துணை இன்பமான செய்தி!

இத்தாலிய மொழியில் ‘சாலா’ என்றால் கூடம். அம்மொழியில் பெயரின் ஈற்றில் ‘ஓனே’ என்னும் விகுதி ஏறினால் பொருள் பெருத்துவிடும். சாலா அப்படித்தான் ‘சலோனே’ ஆகிப் பெருங்கூடம் ஆயிற்று. பிரெஞ்சுக்காரர்கள் அதை வாங்கி ஈற்றுயிரைக் களைந்து மூக்கொலியோடு முடித்தார்கள். 18-ஆம் நூற்றாண்டில் அதைக் கைக்கொண்ட ஆங்கிலேயர்கள் தம் நாவுக்கு ஏற்ப ஓகாரத்தை ஊகாரமாக்கினார்கள். இது சலூனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. பந்தைக் குறித்த சொல் அதே விகுதி ஏற்றுப் பெரும்பந்தாகி ஆங்கிலத்தில் பலூன் ஆயிற்று. தாளைக் குறித்த சொல் அதே விகுதி ஏற்றுத் தடித்த பெருந்தாளாகி, அந்தத் தாளில் ஓவியர்கள் வரைந்து பார்த்த முன்வரைவுக்குப் பெயராகி, பின்னர்க் கேலிச்சித்திரத்துக்கு வந்து கார்ட்டூன் ஆயிற்று. குழந்தை கேட்கும் பலூனும், நாளிதழில் பார்க்கும் கார்ட்டூனும், அப்பாவோடு போய் உட்காரும் சலூனும் ஒரே விகுதியில் பெருத்த மூன்று உடன்பிறப்புகள். நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் இச்சொற்கள் மூன்றுக்கும் ஈற்று ஊகாரம் ஒத்திருப்பதை நாம் கேட்டிருக்கிறோம்; ஏன் ஒத்திருக்கிறது என்று கேட்டதில்லை.

இன்னும் ஓர் அடுக்கு உரித்தால், இத்தாலியச் சாலாவும் இத்தாலியின் சொந்தச் சொத்தாக இல்லை. 6-ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து இறங்கிய செருமானிய இனத்தார் ‘சல்’ என்ற சொல்லைக் கொண்டுவந்தனர். அவர்கள் வழக்கில் அது ஒற்றைக்கூடமாகக் கட்டிய வீட்டைக் குறித்தது. இன்றைய செருமன் மொழியிலும் ‘சால்’ என்றால் பெருங்கூடம். இந்த இடத்தில் தமிழ் வாசகருக்குச் சாலை என்ற சொல் நினைவில் எழாமல் இராது. அறச்சாலை, வேள்விச்சாலை, பாடசாலை, தொழிற்சாலை என்று கூடத்தைக் குறித்து நின்ற அதே சாலை. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்று பாண்டியன் ஒருவன் பெயரிலேயே ஏறி நிற்பது. ஒலி எவ்வளவு இணங்கினாலும் ஒப்பியல் மொழிநூலார் இவற்றை இணைப்பதில்லை. சமற்கிருதச் ‘சாலா’வை அவர்கள் ஆங்கில ‘ஹால்’ என்பதற்கு உறவாக்கி, மூடுதல் என்னும் பொருளுடைய பழைய வேரில் சேர்ப்பர். சாலை என்பதைச் சால் என்னும் அடியிலிருந்து தமிழாகவே கொள்வாரும் நம்மிடையே உண்டு. எப்படியாயினும், முகம் ஒத்திருப்பதை வைத்து உறவு கொண்டாடுதல் சொல்லாராய்ச்சியில் ஆகாது. சாலையைச் சலூனிலிருந்து தள்ளியே நிறுத்துவோம்.

பிரெஞ்சுச் சலோன் பாரிசில் கண்ட வாழ்வு வளமானது. மாளிகைகளின் வரவேற்புக் கூடங்களில் ராம்பூயே சீமாட்டி போன்றோர் புலவர்களையும் அறிஞர்களையும் கூட்டி உரையாடச் செய்தமையால், கூடத்தின் பெயர் கூட்டத்துக்கும் ஆகிவந்தது. இடவாகுபெயருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அரச கலைக்கழகத்தின் ஓவியக் காட்சி 1667-இல் தொடங்கி, 1725 முதல் லூவர் அரண்மனையின் சதுரக்கூடத்தில் நடைபெற்றதால், அந்தக் காட்சியும் சலோன் ஆயிற்று. ஆங்கிலத்துக்குப் போன சலூனோ வேறு வழி பிடித்தது. கப்பலில் பயணிகள் கூடும் அறை, உயர் அதிகாரிகளுக்கான தனி ரயில்பெட்டி, அமெரிக்காவில் மதுக்கடை என்று அலைந்து, 19-ஆம் நூற்றாண்டில் முகம் மழிக்கும் கடைக்கும் முடி வெட்டும் கடைக்கும் ‘ஷேவிங் சலூன்’, ‘ஹேர்கட்டிங் சலூன்’ என்று முன்னொட்டோடு வந்து சேர்ந்தது. இந்திய ரயில்வேயில் அதிகாரிகளின் பெட்டிக்குச் சலூன் என்ற பெயர் இன்றும் உண்டு. தெருவுக்கு வந்த சலூன் தன் முன்னொட்டுகளை உதிர்த்துவிட்டது. தமிழில் சலூன் என்று மட்டும் சொன்னால் மதுக்கடையும் கப்பலும் எவர் நினைவிலும் வாரா.

தமிழ் இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு எளிதாக இடங்கொடுத்தது? அதன் எழுத்துகளைப் பாருங்கள். சகர முதல், லகர இடை, னகர ஈறு; அயலெழுத்தும் இல்லை, வரக்கூடாத மெய்ம்மயக்கமும் இல்லை. மீன், ஊன் போன்ற சொற்களின் ஈற்றை நம் நா எவ்வளவு இயல்பாகத் தொடுகிறதோ, அவ்வளவு இயல்பாக இதையும் தொடுகிறது. சலூனுக்கு, சலூனில், சலூன்காரர் என்று உருபும் விகுதியும் தடையின்றி ஏறுகின்றன. மக்கள் அதோடும் நில்லாமல் ‘சலூன்கடை’ என்று ஒட்டி, தமக்குப் பழக்கமான கடை என்ற சொல்லின் நிழலில் அதை அமர்த்திக்கொண்டார்கள்.

இனி அந்தப் பலகை எழுமுன் இருந்த பெயர்களுக்கு வருவோம். எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். மிக வருத்துவதும் இதுதான்.

நாவிதர் என்ற சொல்லைப் பார்த்ததும் நா, இதம் என்று பிரித்து வகர உடம்படுமெய் இட்டு, நாவினால் இதம் பேசுபவர் என்று பொருள் சொல்லத் தோன்றும். அழகான பிரிப்புதான், ஆனால் வரலாறு அப்படியன்று. சமற்கிருதத்தில் ‘நாபித’ என்றும் பாலியில் ‘நஹாபித’ என்றும் வழங்கிய சொல் இது. பாலியில் இடையே மூச்சுவிட்டு நிற்கும் அந்த ஹகரம்தான் துப்புத் துலக்குகிறது. நீராடுதலைக் குறிக்கும் ‘ஸ்நா’ என்னும் வினையடியின் பிறவினை அது. முதலில் நின்ற ஸகரம் தேய்ந்து ஹகரமாக இடம்பெயர்ந்ததைப் பாலி காட்டிக்கொடுக்கிறது. சமற்கிருத வடிவத்தில் அந்தத் தடமும் அழிந்துபோனமையால், பாகத வழக்கிலிருந்தே சமற்கிருதம் இதை எடுத்துக்கொண்டது என்று அறிஞர் கருதுவர். தமிழில் பகரம் வகரமாகி நாவிதர் ஆயிற்று. வடக்கே அதே சொல் தேய்ந்து தேய்ந்து ‘நாயீ’ ஆயிற்று. அடிப்பொருள் என்ன? நீராட்டுபவர். முடியைக் குறைப்பவர் என்ற பொருளோ கத்தி பிடிப்பவர் என்ற பொருளோ அதன் வேரில் இல்லை.

இதைப் பல்லாண்டுகளாக நூலில் மட்டுமே அறிந்திருந்த எனக்கு, சென்னையில் புதிதாகத் திறந்த ஓர் உயர்தரச் சலானுக்குப் போனபோது அது கண்ணெதிரே நடந்தது. தெருமுனைச் சலூனில் துணி போர்த்தி, குப்பியிலிருந்து நாலு பீச்சு தண்ணீர் அடித்து, சீப்பை எடுத்துவிடுவார்கள். இங்கே கத்தரியை யாரும் தொடவே இல்லை. “வாங்க சார், முதல்ல ஹேர்வாஷ் பண்ணிடலாம்” என்று அழைத்துப் போன இளைஞர், பின்புறம் சாய்ந்த நாற்காலியில் அமர்த்தி, கழுத்து பொருந்தும்படி விளிம்பில் பள்ளமிட்ட வெள்ளைப் பீங்கான் தொட்டியில் என் தலையை ஏந்தி வைத்தார். வெதுவெதுப்பு சரிதானா என்று கேட்டுக்கொண்டே, நெற்றியில் கையை அணைகட்டியதுபோல் வைத்துக் கண்ணில் நீர் இறங்காமல் அலசினார். விரல்நுனிகளால் பிடரியிலிருந்து உச்சிவரை அழுத்திப் பிசைந்தார். அவரைக் கடையில் ‘ஸ்டைலிஸ்ட்’ என்கிறார்கள். நானோ மேற்கூரையைப் பார்த்தபடி நஹாபித, நஹாபித என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட சொல்லின் முதற்பொருள், அந்தச் சொல்லையே பலகையிலிருந்து நீக்கிவிட்ட கடையில் உயிரோடு இருந்தது.

அவர் பிசைந்த நுரைக்கும் ஒரு கதை உண்டு. ஷாம்பு என்பது அழுத்து, பிசை என்று ஏவும் இந்திச் சொல்லான ‘சாம்போ’ ஆங்கிலத்துக்குப் போன உருவம். 1759-இல் பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நீராவிக் குளியலும் உடற்பிடித்தலும் நடத்தி, இரண்டு அரசர்களுக்கு ஷாம்பு மருத்துவராகவே அமர்ந்தார். அப்போது அச்சொல் உடலைப் பிடித்துவிடுதலைக் குறித்தது; பிறகே தலை அலசுதலுக்கும் அதற்கான நீர்மத்துக்கும் ஒதுங்கியது. விலைப்பட்டியலில் அயல்மொழி என்று நாம் படிப்பவற்றுள் ஒன்று இங்கிருந்தே போய்த் திரும்பியிருக்கிறது.

நீராட்டுதலுக்கு அடுத்து மருத்துவம். மருத்துவர், பண்டிதர் என்ற பெயர்கள் இத்தொழில் செய்தோருக்குத் தமிழகத்தில் உண்டு. ஈழத்திலோ பரியாரி என்பது நாட்டு வைத்தியரையும் இவரையும் ஒருங்கே குறித்தது. பரிகாரி, அதாவது நோயை அகற்றுபவர், ககரம் தேய்ந்து பரியாரி ஆனார். பெண்பாலில் மருத்துவச்சி என்ற சொல்லே பேறு பார்ப்பவருக்கு உரியதாயிற்று. எத்தனையோ தலைமுறைகள் இந்தக் குடிப் பெண்களின் கைகளில்தான் பிறந்து விழுந்தன. அம்பட்டர் என்ற சொல்லைக்கூட அகராதிகள் ‘அம்பஷ்ட’ என்ற வடசொல்லோடு இணைக்கும். மனுநூல் அப்பெயருடையார்க்கு மருத்துவத்தைத் தொழிலாக வகுத்திருக்கிறது. கத்தி, புண், கட்டி கீறல், மழித்தபின் தேய்க்கும் படிகாரக் கட்டி எல்லாம் அடைப்பம் என்னும் ஒரே கருவிப்பையில் இருந்த காலத்தின் பெயர்கள் இவை. இலண்டனிலும் முடிவெட்டுவோரும் அறுவை மருத்துவரும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள்.

நிகண்டுகளைத் திறந்தால் வியப்பு இன்னும் கூடும். பழந்தமிழ் வேந்தர் படைத்தலைவருக்கு அளித்த பட்டமான ஏனாதி, நாவிதர்க்கும் பெயராக அங்கே நிற்கிறது. தெலுங்கில் இன்றும் ‘மங்கலி’ என்பதே இத்தொழிலாளர் பெயர். மங்கலவழக்கு ஒரு மொழியில் நிலைத்தேவிட்டதற்கு அது சான்று. கொங்கு நாட்டில் இவர் குடிமகன். திருமண மேடையில் மங்கல வாழ்த்துப் பாடுவது அவர் உரிமை. அவர் பாடாமல் அங்கே கல்யாணம் நிறைவுறாது. அதே குடிமகன் என்ற சொல் இப்போது அரசமைப்புச் சட்டத் தமிழில் நாட்டின் உரிமை பெற்ற ஒவ்வொருவரையும் குறிக்கிறது. ஊருக்கு ஊழியம் செய்யக் கட்டுண்டவரின் பெயர், உரிமையுடைய எல்லாருக்கும் பெயராக உயர்ந்த இந்த ஏற்றம் தமிழ்ச் சொல்வரலாற்றில் அரியது.

ஏனென்றால் மற்றவை எல்லாம் இறங்கின. நீராட்டுபவர், நோய் தீர்ப்பவர், படைத்தலைவர் என்று உயர்ந்த இடத்தில் தொடங்கிய பெயர்கள் ஒவ்வொன்றும் சாதிப் பெயராய் இறுகி, சில வசைச்சொல்லாகவே சரிந்தன. அம்பட்டன் என்று இன்று ஒருவரை நோக்கிச் சொல்வது அவரை இழிவுசெய்வதுதான். சொல்லில் குற்றமில்லை, அதை உச்சரித்த வாய்களின் எண்ணம் அதில் படிந்துவிட்டது. அடைப்பத்தைத் தோளில் மாட்டி வீடு வீடாய்ப் போய், பின்கட்டுத் திண்ணையிலும் கிணற்றடியிலும் குந்தி வேலை செய்து, அறுவடையில் களத்துமேட்டில் போடும் நெல்லுக்குக் காத்திருந்த மனிதரை எந்த நல்ல பெயராலும் நிமிர்த்த முடியவில்லை.

அதனால்தான், தூய தமிழில் பற்றுள்ள நான் சலூன் என்ற அயற்சொல்லை வெறுக்க மாட்டேன். அந்தத் தொழிலாளி ஊர்த்தெருவில் ஒரு சிறு அறையை வாடகைக்குப் பிடித்து, கண்ணாடி மாட்டி, வாசலில் பெருங்கூடம் என்று பொருள்படும் சொல்லை எழுதிவைத்தார். அதில் சாதி இல்லை. அதற்கு முன் யாரும் அதை ஏளனமாக உச்சரித்ததில்லை. இதுவரை அவரை வரச்சொல்லி ஆளனுப்பியவர்கள் இப்போது அவர் கடை தேடி வந்து, முறைக்குக் காத்திருந்து, சில்லறை கொடுத்துப் போனார்கள். செவ்வாய்க்கிழமை கடை அடைப்பு என்று தமக்கென ஒரு விடுமுறையையும் அவர்களால் வைத்துக்கொள்ள முடிந்தது. கிராமத்துச் சலூன்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்டோருக்குக் கதவு மூடியிருந்தது என்பதும், அந்தத் தடை சில ஊர்களில் இன்னும் நீங்கவில்லை என்பதும் இதே வரலாற்றின் மறுக்கமுடியாத பகுதி. ஆனாலும் நாளிதழைச் சத்தமாக வாசிப்பதும், அரசியல் பேசுவதும், கட்சித் தலைவர் படங்களின் கீழே வாதாடுவதும் நடந்த இடம் அது. தூத்துக்குடியில் ஒருவர் தம் கடைக்குள் நூலகமே வைத்திருக்கிறார். பாரிஸ் சீமாட்டியின் கூடத்தில் சலோன் என்ற சொல் பெற்ற உரையாடற்பொருள், பிரெஞ்சு அறியாத நம் ஊர்களில் தானாகவே மீண்டும் முளைத்தது. பெண்கள் செல்லும் பார்லருக்கும் இதே பொருத்தம் உண்டு: அதன் வேர் பேசுதலைக் குறிக்கும் பிரெஞ்சு வினை, பார்லிமெண்ட் அதன் உடன்பிறப்பு.

சலூன் தந்த அந்த மரியாதையும் ஊகாரத்தோடு தேய்ந்தபோதுதான் சலான் வந்தது. 2000-இல் சென்னை காதர் நவாஸ்கான் சாலையில் நேச்சுரல்ஸ் தொடங்கியபின், கிரீன் டிரெண்ட்ஸ் முதலிய தொடர்கடைகள் நகரெங்கும் பரவ, பழைய பிரெஞ்சு வடிவம் ஆங்கில ஒலிப்பில் நம் பலகைகளில் ஏறியது. அங்கே இருபாலாரும் போகலாம். வேலை செய்பவரிடம் யாரும் குலம் கேட்பதில்லை. பயிற்சிப்பள்ளியில் சான்றிதழ் பெற்று எந்தக் குடியில் பிறந்தவரும் கத்தரி பிடிக்கிறார். இது சிறிய மாற்றமன்று. உள்ளே கேட்கும் சொற்களும் புதியவை. பாலயாஜ் என்பது துடைப்பத்தால் பெருக்குதலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். சாயத்தூரிகை முடிமேல் பெருக்கிச் செல்வதால் அப்பெயர். கெராட்டின், கொம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஸ்பா என்பது பெல்ஜியத்தில் ஊற்றுநீருக்குப் பெயர்பெற்ற ஓர் ஊர். இவற்றைக் கேட்டு மலைக்க வேண்டா. முடியை ஐந்து வகையாக முடித்து ஐம்பால் என்று அதற்கே பெயரிட்டு, குழல், ஓதி, கதுப்பு, கூழை, அளகம், பனிச்சை என்றும், ஆடவர்க்குக் குஞ்சி, பித்தை என்றும் நுணுகிப் பிரித்த மொழிக்காரர் நாம்.

தமிழ்ப் பலகைகள் என்ன செய்தன? சிகையலங்கார நிலையம் ஒரு காலத்தில் ஊரெங்கும் இருந்தது. ஈழத்தில் சிகை அலங்கரிப்பு நிலையம் இன்றும் செய்தித்தாள் வழக்கு. சிகை என்பது குடுமி. குடுமியைக் களைந்து கிராப்பு வைத்துக்கொள்ள இளைஞர்கள் ஓடிய கடைக்குக் குடுமியின் பெயரே வாய்த்தது. பிறகு முடிதிருத்தும் நிலையம் வந்தது. மயிர் என்ற பழந்தமிழ்ச் சொல்லை வள்ளுவர் மானம் என்னும் அதிகாரத்தில் கூசாமல் இருமுறை ஆண்டிருக்கிறார். பின்னர் அது இழிவழக்காகிவிட்டமையால், இடக்கரடக்கலாய் முடி அந்த இடத்தைப் பிடித்தது. கூட்டி முடிப்பதால் முடி; வேந்தன் தலையில் ஏறியதும் அதே முடி. சவரம் என்பதோ கத்தியைக் குறித்த வடசொல்லின் வழிவந்தது. மழித்தல் என்ற நம் சொல் திருக்குறளிலேயே இருக்க, பலகைக்கு அது ஏறவில்லை.

ஆனால் முடிதிருத்தும் நிலையம் என்ற தொடரின் உயிர் திருத்து என்னும் வினையில் இருக்கிறது. திருந்து தன்வினை, திருத்து பிறவினை. உழவர் காடு திருத்திக் கழனியாக்குகிறார். ஆசிரியர் விடைத்தாள் திருத்துகிறார். பதிப்பாளர் படி திருத்துகிறார். வெட்டுதல், கத்தரித்தல் ஆகியவற்றில் குறைத்தல் மட்டும் உண்டு. திருத்துதலில் எதை விட்டுவைப்பது என்ற அறிவும் சேர்ந்துவிடுகிறது. சீப்பின் மேலே நீட்டிய முடியைக் கத்தரி மெல்ல மெல்ல நறுக்க, இடையிடையே கண்ணாடியில் இரு காதோரமும் ஒத்துப் பார்க்கும் கலைஞரின் செயலுக்கு இதைவிடப் பொருந்தும் வினையை நான் எம்மொழியிலும் அறியேன். அரசின் நலவாரியமும் முடிதிருத்துவோர் என்றே அவர்களை அழைக்கிறது.

அதையும் சுருக்கி, அகம் என்னும் ஈறு சேர்த்து, முடிதிருத்தகம் என்று இப்போது எழுதுகிறார்கள். ‘சல்’ என்ற செருமானியச் சொல் ஒற்றைக்கூட வீட்டைக் குறித்தது என்று மேலே கண்டோம். அகம் என்றாலும் வீடுதான். மொழிபெயர்க்க முனையாமலேயே நம்மவர் சலூனின் அடிவேருக்கு ஈடான சொல்லைக் கட்டிவிட்டார்கள். சலூன் எவ்வகைக் கூடம் என்று சொல்லாமல் விட்டதையும் அதில் சேர்த்துவிட்டார்கள். கடைப்பலகையில் தமிழ் முதலிடம் பெற வேண்டும் என்று அரசு விதியே இருக்கிறது; உயர்தரக் கடைகள் அதற்காக ‘ஹேர் அண்ட் பியூட்டி சலான்’ என்று தமிழெழுத்தில் எழுதி முடித்துக்கொள்கின்றன. அந்த முதல் வரியில் முடிதிருத்தகம் என்று எழுதினால் இடமும் மிச்சம், பொருளும் நிறைவு. கடை திறக்கும் அன்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.